தருமபுரில ரெண்டு நாள் ஐநா அட்வகசி ட்ரெய்னிங், 1500 ரூபாய்க்கு வொர்த்தா?

போன மாசம் ஒரு சனி ஞாயிறு தருமபுரி நாலு ரோடு பக்கம் ஒரு மாடி ஹால்ல நடந்த ட்ரெய்னிங் பத்தி எழுதறேன். என்ஜிஓல வேலை பாக்கறவங்களுக்கும் வாலண்டியர்களுக்கும், நம்ம ஊர் விஷயத்த ஐநா வரைக்கும் வெளிநாட்டு தூதரகம் வரைக்கும் எப்படி கொண்டு போறதுன்னு சொல்லித் தர்றதுதான் சப்ஜெக்ட். நடத்துனவங்க பேரு போடல, ரெண்டு மூணு பேரு சேந்து நடத்தற சின்ன செட்டப்பு, நான் கொஞ்சம் திட்டவும் போறேன், அதனால வேணாம்.

நான் பென்னாகரம் பக்கம் ஒரு சின்ன ட்ரஸ்ட்ல இருக்கேன், தண்ணி சம்பந்தமான வேலை. நெலத்தடி தண்ணில இருக்கற புளோரைடுதான் பிரச்சனை, நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு விளக்கம் தேவையில்ல, பழுப்பு பல்லோட சிரிக்க கூச்சப்படற பசங்களையும் முட்டி மடக்க முடியாத பெரியவங்களையும் பாத்திருப்பீங்க. எங்களுக்கு தெரிஞ்ச உச்சபட்ச டிப்ளமசி திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாள்தான். ஐநாவோட மனித உரிமைக் கூட்டமெல்லாம் நடக்கற ஜெனீவா நமக்கெதுக்குன்னுதான் நெனச்சேன், எங்க செக்ரட்டரி சார் பணம் கட்டிட்டாரு, போக வேண்டியதாப் போச்சு.

முதல் நாள் காலைல ஒன்பதரைன்னு போட்டு பத்தே முக்காலுக்கு ஆரம்பிச்சாங்க. அதியமானுக்காக அவ்வையார் தொண்டைமான் கிட்ட தூது போன கதை இல்லாம தருமபுரில எந்த மேடையும் ஆரம்பிக்காது, இங்கயும் அதேதான். உங்க வேலெல்லாம் பீலி கட்டி நெய் பூசி பளபளன்னு இருக்குது, எங்காளோடது சண்டை போட்டு நுனி ஒடஞ்சு கொல்லன் பட்டறைல கெடக்குதுன்னு அந்தம்மா சொன்னது. புகழற மாதிரி புகழ்ந்து, எங்களுக்கு போர் பழக்கம் உனக்கு இல்லன்னு சொல்லிட்டு வந்துருச்சு. கேட்டு கேட்டு புளிச்ச கதைதான், ஆனா ரெண்டாவது நாள்தான் அது ஏன் சரியான உதாரணம்னு எனக்கு புரிஞ்சுது, பின்னாடி சொல்றேன்.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. மூணு மணி நேரம், சும்மா இல்ல மூணு மணி நேரம், ஐநாவோட பொருளாதார சமூக கவுன்சில்ல என்ஜிஓக்களுக்கு குடுக்கற ஆலோசனை அந்தஸ்து, அதாவது ஐநா கூட்டத்துல கலந்துக்கறதுக்கான அனுமதி, அத பத்தியே ஓட்டுனாரு முதல் நாள் கிளாஸ் எடுத்த சார். ஐநா சாசனம் 71வது பிரிவு, 1996ல போட்ட தீர்மானம், ஜெனரல், ஸ்பெஷல், ரோஸ்டர்னு மூணு வகை, பதிவு பண்ணி குறைஞ்சது ரெண்டு வருஷம் ஆகியிருக்கணும், 19 நாடுங்க இருக்கற கமிட்டி பாத்து சிபாரிசு பண்ணணும், கிடைச்சப்புறம் மேல் ரெண்டு வகைக்காரங்க நாலு வருஷத்துக்கு ஒரு தடவ அறிக்கை குடுக்கணும். எல்லாம் சரியான தகவல், தப்பு சொல்லல. அதுல ஒரு விஷயம் தூக்கிவாரிப் போட்டுது, சர்வதேச தலித் ஒருமைப்பாட்டு அமைப்பு 2008ல விண்ணப்பம் போட்டு, கமிட்டில கேள்வி மேல கேள்வி கேட்டு தள்ளிப் போட்டுட்டே இருந்து, 2022 டிசம்பர்லதான் கிடைச்சிருக்கு. 14 வருஷம். நம்ம ஊர்ல பட்டா மாத்தறதே தேவலன்னு பக்கத்துல இருந்த பாலக்கோடு அக்கா சொன்னாங்க, அந்த மூணு மணி நேரத்துல நாங்க சிரிச்சது அப்ப மட்டும்தான்.

என் கோவம் என்னன்னா, ஹால்ல இருந்த 30 பேர்ல ஒருத்தருக்கும் அந்த அந்தஸ்து இப்போதைக்கு தேவையில்ல. அது இல்லாமயே செய்யக்கூடிய வேலை நெறைய இருக்கு, அத சாயங்காலம் நாலரைக்கு மேல எல்லாரும் பஸ் டைம் பாக்க ஆரம்பிச்சப்புறம் 20 நிமிஷத்துல அள்ளித் தெளிச்சுட்டு போயிட்டாரு. யுபிஆர்னு ஒண்ணு இருக்கு, ஒவ்வொரு நாட்டோட மனித உரிமை நிலவரத்தையும் மத்த நாடுங்க உக்காந்து நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ கேள்வி கேக்கறது, இந்தியாவுக்கு 2008, 2012, 2017, 2022ன்னு நாலு தடவ நடந்திருக்கு. அதுக்கு நம்மள மாதிரி பென்னாகரத்து ட்ரஸ்ட்டு கூட அறிக்கை அனுப்பலாம், அந்தஸ்து கேக்க மாட்டாங்க. தனியா போட்டா 2815 வார்த்தை, பல அமைப்பு சேந்து போட்டா 5630, அதுக்கு மேல போகக்கூடாது. எங்க ட்ரஸ்ட்டு ஆண்டறிக்கையே 40 பக்கம், அதுல பாதி பொன்னாடை போட்ட போட்டோ. பெண்கள் உரிமைக்கான சீடா கமிட்டிக்கும் குழந்தை உரிமைக் கமிட்டிக்கும் இதே மாதிரி, அரசாங்கம் குடுக்கற அறிக்கைக்கு மாற்றா நம்ம அறிக்கை அனுப்பலாமாம், குழந்தைத் திருமணம் தடுக்கற வேலை பாக்கற பாலக்கோடு அக்காவுக்கு இதுதான வேணும், அவங்க நோட்டுல எழுதி முடிக்கறதுக்குள்ள ஸ்லைடு மாறிப்போச்சு.

சாப்பாடு பத்தியும் சொல்லிடறேன். மதியம் கிளாஸ்ல உதாரணம் சொன்னது 2023 சர்வதேச சிறுதானிய ஆண்டு, இந்தியா முன்மொழிஞ்சு 70க்கு மேல நாடுங்கள ஆதரவா சேத்து 2021 மார்ச்ல ஐநா பொதுச்சபைல நிறைவேத்துனது. நல்ல உதாரணம், ஆனா அத சொல்லிட்டு கீழ போனா வெள்ளச்சோறு, தண்ணி சாம்பாரு, அப்பளம். ராகியும் சாமையும் விளையற ஊர்லங்க இது! ஒரு களி உருண்டை, கீரை கடைசல் போட்டிருந்தா அந்த கிளாஸே நடத்தியிருக்க வேணாம்.

ரெண்டாவது நாள் எடுத்தது வேற ஒரு மேடம், முப்பது வயசு இருக்கும். 1500 ரூபாய்ல 1400 அவங்களுக்குதான் போகணும். வந்ததும் ப்ரொஜெக்டர ஆஃப் பண்ணிட்டு ஆளுக்கு ஒரு வெள்ள பேப்பர் குடுத்து, உங்களுக்கு என்ன வேணும்னு ஒரே வரில எழுதுங்க, யாரு செய்யணும்னும் எழுதுங்கன்னாங்க. அவ்ளோதான். பாதிப் பேரு எழுதுனது விழிப்புணர்வு வேணும், நீதி வேணும், நானும் சுத்தமான தண்ணி வேணும்னுதான் எழுதுனேன். இத வாங்கிட்டு ஒரு நாட்டுத் தூதர் நாளைக்கு காலைல ஆபீஸ் போயி என்ன பண்ணுவாருன்னு கேட்டாங்க பாருங்க, பதிலே வரல.

அப்புறம் மாக் செஷன். ஹாலயே மனித உரிமைக் கவுன்சில் மாதிரி ஆக்கி ஆளுக்கு ஒரு நாட்டுப் பலகை, பேசறவங்களுக்கு 90 செகண்ட், முடிஞ்சா மைக் கட். அங்கயும் அப்படித்தானாம், நேரம் முடிஞ்சா பாதி வாக்கியத்துல கூட நிறுத்திருவாங்களாம், வேகமா படிச்சாலும் மொழிபெயர்க்கறவங்களால பின்தொடர முடியாதாம். நான் எந்திரிச்சு மாண்புமிகு தலைவர் அவர்களேன்னு ஆரம்பிச்சு எங்க ட்ரஸ்ட்டு எந்த வருஷம் தொடங்குனதுன்னு வரும்போது மைக் போச்சு, தண்ணிங்கற வார்த்தையே இன்னும் வாய்ல வரல.

ரெண்டாவது ரவுண்டுல அவங்களே கூட உக்காந்து திருத்துனாங்க. குடிதண்ணில புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்ங்கறது உலக சுகாதார நிறுவனத்தோட வரம்பு, தண்ணி மனித உரிமைன்னு 2010 ஜூலைல ஐநா பொதுச்சபைல பொலிவியா கொண்டுவந்த தீர்மானத்துக்கு 122 நாடு ஆதரவு, எதிர்ப்பு ஒண்ணு கூட இல்ல, இந்தியாவும் ஆதரிச்சுதான் ஓட்டு போட்டுது. அப்ப நாம புதுசா எதுவும் கேக்கல, நீங்க ஒத்துக்கிட்டத கேக்கறோம், இந்த இடத்துல இருந்து ஆரம்பிங்கன்னாங்க. கடைசில என் கோரிக்கை ஒரு வரியா சுருங்குச்சு: ஒவ்வொரு குக்கிராமத்துலயும் போர்வெல் தண்ணிய டெஸ்ட் பண்ண ரிசல்ட்ட தமிழ்ல ஊராட்சி போர்டுல ஒட்டணும்.

அரூர்ல இருந்து வந்த ரிட்டயர்டு வாத்தியாருதான் இந்தியா. மனுஷன் பின்னிட்டாரு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டமே கொண்டுவந்தாச்சு, இவரு எந்தக் காலத்துல இருக்காரு, இது உள்நாட்டு விஷயம்னாரு. எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு, குரல் ஒசந்துருச்சு. மேடம் நிறுத்தி, சார், இப்ப நீங்க தோத்துட்டீங்க, அவரு சொன்னதுல உண்மை இருக்கா இல்லயா, இருந்தா மொதல்ல அத ஒத்துக்கங்க, அப்புறம் விட்டுப்போனத சொல்லுங்கன்னாங்க. யோசிச்சுப் பாத்தா ஆமா, அந்த திட்டம் வந்தது பெரிய விஷயம்தான். திட்டம் நல்ல திட்டம், அது வந்தும் பழைய போர்வெல் தண்ணிய சமையலுக்கு பிடிக்கறவங்க இருக்காங்க, காய்ச்சுனா சரியாயிரும்னு நம்பறாங்க, காய்ச்சுனா புளோரைடு போகாது, தண்ணி சுண்டி இன்னும் கெட்டியாதான் ஆகும், இத அவங்களுக்கு யாரு சொல்றதுன்னு பேசுனேன். வாத்தியாரு பலகைய கீழ வெச்சுட்டாரு. அவ்வையாரும் இதத்தான பண்ணிருக்கு, எதிராளியோட ஆயுதசாலை பளபளன்னு இருக்கறத மொதல்ல ஒத்துக்கிட்டுதான் மிச்சத்த சொல்லிருக்கு.

இன்னொரு விஷயம் எனக்கு சுத்தமா தோணாதது. அந்த திட்டத்துக்கு ஜப்பான் கடன் குடுத்துச்சுல்ல, அப்ப ஜப்பானுக்கு இந்த ஊர் பேரு ஏற்கனவே தெரியும், சென்னைல அவங்க கான்சுலேட் இருக்கு, ஜெனீவாக்கு ஏன் டிக்கெட் பாக்கறீங்கன்னு கேட்டாங்க. யுபிஆர்ல கேள்வி கேக்கறது நாடுங்கதான், நாம அந்த ரூம்ல பேச முடியாது, அதனால அதுக்கு சில மாசம் முன்னாடியே டில்லில இருக்கற தூதரகங்களுக்கு ஒரு பக்க பேப்பர் அனுப்பறதுதான் பாதி வேலையாம். தருமபுரி போஸ்ட் ஆபீஸ்ல முடியற வேலைங்க.

குறை இன்னும் ரெண்டு. வெளிநாட்டு நிதி பத்தி கேட்டா மழுப்பறாங்க. வெளிநாட்டுப் பணம் வாங்கறதுக்கான எஃப்சிஆர்ஏ சட்டத்துல 2020ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் பணம் டில்லி எஸ்பிஐ மெயின் பிராஞ்ச் கணக்குலதான் வரணும், வந்தத இன்னொரு அமைப்புக்கு பிரிச்சுக் குடுக்க முடியாது, இந்த நெலமைல எங்கள மாதிரி சின்ன ட்ரஸ்ட்டு எப்படி சமாளிக்கறதுன்னு ஒரு ஆடிட்டர கூட்டிட்டு வந்து ஒரு மணி நேரம் வெச்சிருக்கலாம். அப்புறம் ஹேண்டவுட் முழுக்க இங்கிலீஷ். ஐநாவுக்கு ஆறு மொழிதான், அதுல தமிழ் இல்ல, ஒத்துக்கறேன், அதுக்காக காரிமங்கலத்துல இருந்து வந்த காலேஜ் பசங்களுக்கும் அப்படியேவா குடுக்கறது? பாவம் அந்த தம்பிங்க முதல் நாள் முழுக்க போன நோண்டிட்டு இருந்தானுங்க, மாக் செஷன தமிழ்ல வெச்சப்புறம் அவனுங்கதான் பிரமாதமா பேசுனானுங்க.

அஞ்சுக்கு மூணரை குடுப்பேன். அடுத்த பேட்ச் கிருஷ்ணகிரில வைக்கறதா சொன்னாங்க. போறவங்க ஞாயித்துக்கிழமை மட்டும் போக முடியுமான்னு கேட்டுப் பாருங்க, 800க்கு விடுவாங்கன்னு நெனக்கறேன், நான் கேட்டப்ப யோசிக்கறோம்னுதான் சொன்னாங்க. போகும்போது உங்க ஊரு தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட்டோ, வேற என்ன பிரச்சனையோ, அதுக்கு நம்பர் இருக்கற ஒரு பேப்பர் கையோட கொண்டு போங்க, அது இல்லாதவங்களுக்கு ரெண்டாவது ரவுண்டுல பேச ஒண்ணுமே இல்லாம போச்சு. சாப்பாடும் கட்டிட்டு போயிருங்க.