தாமிரபரணிக் கரைக்கு எது பொருந்தும்: தானே எழும்பும் சுவரா, பலகைச் சுவரா?

திருநெல்வேலியில் கொக்கிரகுளத்திலோ சிந்துபூந்துறையிலோ ஆற்றை மறைத்து ஆளுயரச் சுவர் எழுப்பப் போகிறோம் என்றால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இறங்கிக் குளிக்க முடியாத கரை நமக்கு எதற்கு? ஆனால் 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷனும் வண்ணார்பேட்டையும் பட்ட பாட்டுக்குப் பிறகு, ஒன்றுமே வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. வெள்ளத்தின்போது மட்டும் நிற்கிற சுவர்கள் ஐரோப்பாவில் இருக்கின்றன, அதில் இரண்டு வகையை நம்ம ஆற்றோடு வைத்துப் பார்க்கலாம்.

தானே எழும்பும் சுவர் நெதர்லாந்தின் ஸ்பாகன்பர்க் துறைமுகத்தில் சுமார் 300 மீட்டருக்கு இருக்கிறது, உயரம் 80 செ.மீ. கரையோரம் தரைக்குள் நீளமாக ஒரு தொட்டி, அதற்குள் மிதக்கக்கூடிய சுவர். வெளியே தண்ணீர் குறிப்பிட்ட மட்டத்தைத் தொட்டதும் குழாய் வழியாகத் தொட்டிக்குள் இறங்கும், சுவர் மிதந்து மேலே வந்து நிற்கும். கரண்டும் வேண்டாம், ராத்திரி யாரையும் எழுப்பவும் வேண்டாம்.

பலகைச் சுவருக்கு ஆள் வேண்டும். கரையில் கான்கிரீட் அடித்தளம் நிரந்தரமாக இருக்கும், எச்சரிக்கை வந்ததும் கிடங்கிலிருந்து தூண்களைக் கொண்டுவந்து போல்ட் போட்டு, நடுவே அலுமினியப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகுவார்கள். மதகில் பலகை போட்டு அடைப்பது போலத்தான். 2002 வெள்ளத்தில் பிராக் நகரின் பழைய டவுனை இதுதான் காப்பாற்றியது. அப்போது தடுப்பு அமைத்திராத கார்லின் பகுதி மூழ்கியது. 2013-ல் டான்யூப் கரையில் ஆஸ்திரியாவின் கிரைன் ஊரையும் இதே முறைதான் காத்தது.

படிக்கும்போது முதல் வகை மேல் என்றுதான் தோன்றும். ஆனால் ஸ்பாகன்பர்க்கில் எதிரே இருப்பது ஏரி. நம்ம ஆற்று வெள்ளத்தில் வண்டலும் அமலைச் செடியும் பிளாஸ்டிக்கும், பாபநாசத்தில் விட்டுப்போகிற வேட்டி சேலையும் சேர்ந்து வரும். ஒரு சேலை போதும் அந்தக் குழாய் வாயை அடைக்க. தொட்டிக்குள் வண்டல் இறுகினால் சுவர் பாதியில் நின்றுவிடும், நிற்பது வெள்ளம் வந்த பிறகுதான் தெரியும். பலகையில் கோளாறு இருந்தால் கண் முன்னே தெரிகிறது, கையாலேயே சரிசெய்யலாம்.

அதற்காகப் பலகைக்குக் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. அணையைத் திறக்கிறார்கள் என்றால் முன்கூட்டியே தகவல் வரும், சரி. 2023-ல் சமவெளியிலேயே கொட்டியது, காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. அந்த மழையில் ஆட்களை எப்படித் திரட்டுவது? அலுமினியம் வேறு, காவல் இல்லாமல் கிடங்கில் போட்டால் பழைய இரும்புக்கடைக்குப் போய்விடும்.

இரண்டுக்கும் பொதுவான சிக்கல், கரை மணலாக இருந்தால் அடியில் ஊறி உள்ளே வரும், ஆகவே ஆழமான தடுப்பு முதலிலேயே போட வேண்டும். சாக்கடை வாய்களுக்கு ஷட்டரும் உள்ளே தேங்கும் மழைத் தண்ணீரை இறைக்க மோட்டாரும் இல்லாவிட்டால் எந்தச் சுவரும் உதவாது.

என் தேர்வு பலகைதான். ஆற்றுக்கு இறங்கும் குறுகலான தெருவாய்களில் மட்டும் தானே எழும்புவதை வைக்கலாம், சின்னத் தொட்டியைத் தூர்வாருவது சுலபம். குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தொடவே வேண்டாம். வெள்ளத்தைக் கிழித்து நிற்கிற மாதிரியே கட்டியிருக்கிறார்கள், உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோகிற வழக்கமும் இருக்கிறது. நெதர்லாந்தின் காம்பன் ஊரில் தடுப்புகளை மாட்டுவது ஊர்க்காரர்களே. இங்கும் படித்துறைத் தெருக்காரர்களிடம் கிடங்குச் சாவியைக் கொடுத்து, ஐப்பசி பிறக்கும் முன்னே ஒருமுறை எல்லாத் தூணையும் நட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும், போல்ட் துளைகளில் மணல் ஏறியிருந்தால் அன்றே தெரிந்துவிடும்.