டார்க் தொகுப்புக்காகவே வாங்கலாம்: இசட்டபிள்யூஓ ஏஎஸ்ஐ533எம்சி ப்ரோ மதிப்புரை

வானத்தைப் படமெடுக்க, சென்சாரைக் குளிரூட்டும் கேமரா வாங்கினால் படத்தில் இரைச்சல் குறையும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மைதான் என்றாலும், இந்தக் கேமராவின் பெரிய பயன் சென்சாரின் வெப்பநிலையை இரவு முழுவதும் ஒரே அளவில் நிறுத்திவைப்பதே என்பது என் கணிப்பு.

ஒளியே படாவிட்டாலும் சென்சாரில் வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் சேர்ந்துகொண்டே இருக்கும். வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி உயர்ந்தால் அந்த அளவு இரட்டிப்பாகும். மூடியைப் போட்டு, வானப் படங்களுக்கு வைத்த அதே நேர அளவு, அதே கெயின் (சமிக்ஞைப் பெருக்கம்), அதே ஆஃப்செட் (பிக்சல் மதிப்புகளில் கூட்டப்படும் அடிப்படை எண்), அதே வெப்பநிலையில் டார்க் எனப்படும் இருட்டுப் படங்கள் எடுத்துக் கழித்தால்தான் இது சரியாக நீங்கும். டிஎஸ்எல்ஆரில் தகராறு செய்வது இந்தக் கடைசி நிபந்தனைதான். தொடர்ந்து படமெடுக்கையில் கேமராவின் உட்புறம் சூடேறுகிறது, வெளிக்காற்றோ விடியும்வரை குளிர்ந்துகொண்டே போகிறது. கேனன் கோப்புகளின் எக்ஸிஃப் விவரத்தில் கேமரா வெப்பநிலையைப் பார்த்தாலே ஒரே இரவின் படங்களுக்குள் இருக்கும் வேறுபாடு தெரிந்துவிடும். டார்க் அதிகச் சூட்டில் எடுக்கப்பட்டிருந்தால் ஹாட் பிக்சல்கள் (வெப்பத்தால் அளவுக்கு மீறி ஒளிரும் புள்ளிகள்) இருந்த இடத்தில் கரும்புள்ளிகள் விழும். குறைந்த சூட்டில் எடுக்கப்பட்டிருந்தால் சிவப்பும் நீலமுமாகப் பொட்டுகள் மிஞ்சி, படங்களை அடுக்கும்போது கோடுகளாக இழுபடும்.

ஏஎஸ்ஐ533 சுற்றுப்புறத்தைவிட 35 டிகிரி வரை குளிர்விக்கும் என்று நிறுவனம் குறிப்பிடுகிறது. மே மாதச் சென்னையில் இரவிலேயே 30 டிகிரி இருக்கும் என்பதால், பலரும் பரிந்துரைக்கும் மைனஸ் 10 இங்கே எட்டாது. ஆகவே ஆண்டு முழுவதும் 0 டிகிரி என்று வைத்துக்கொள்வதே நல்லது. கொடைக்கானலுக்குக் கொண்டுபோனாலும் அதையே வைத்தால், ஒருமுறை எடுத்த முப்பது டார்க்குகளின் தொகுப்பு எல்லா இடத்திலும் பயன்படும். ஒவ்வொரு ஃபிட்ஸ் (வானியல் பட வடிவம்) கோப்பின் தலைப்பிலும் சென்சார் வெப்பநிலை பதிவாவதால் சரிபார்ப்பதும் எளிது.

உள்ளே இருக்கும் சோனி ஐஎம்எக்ஸ்533 சென்சாரில், இன்னொரு சோனி சென்சாரான ஐஎம்எக்ஸ்294 பயனர்களை வாட்டும் ஓர ஒளிர்வு (சென்சாரின் சொந்த மின்சுற்றால் படத்தின் ஓரத்தில் தோன்றும் வெளிச்சம்) கிடையாது. படங்களை அடுக்கிச் செம்மையாக்கும் சிரில் மென்பொருளில் டார்க்கைப் பெருக்கிச் சிறுக்கிப் பொருத்தும் வசதி உண்டு. ஆனால் வெப்பநிலை பொருந்திய டார்க் கையில் இருக்கும்போது அதைத் தொடவே தேவையில்லை. டார்க்கிலேயே பயாஸ் (கேமரா ஒவ்வொரு படத்திலும் சேர்க்கும் அடிப்படை அளவு) அடங்கியிருப்பதால் அதைத் தனியாக மறுபடி கழிக்கவும் கூடாது. ஃப்ளாட் படங்களுக்கு (சீரான வெளிச்சத்தில் எடுத்து, ஓர இருட்டையும் தூசி நிழலையும் சரிசெய்ய உதவுபவை) மட்டும், அவற்றின் நேர அளவிலேயே தனி டார்க் எடுத்துக்கொண்டால் போதும்.

கழித்தல் நிலையான வடிவத்தைத்தான் நீக்கும். தற்செயல் இரைச்சல் அப்படியே தங்கும். நகர வானத்தின் ஒளி மாசு தரும் இரைச்சலோ 0 டிகிரியில் சென்சார் தருவதைவிட மிக அதிகம். எனவே நகரத்திலிருந்து படமெடுப்பவர் இன்னும் ஐந்து டிகிரிக்காகக் குளிரூட்டியை முழு வேகத்தில் ஓட்டுவது வீண். வெளியூர்களில் 12 வோல்ட் பேட்டரிதான் சீக்கிரம் தீரும்.

குறை என்றால் சென்சாரின் அளவுதான். பக்கத்துக்கு 3008 பிக்சல் கொண்ட சதுரம், ஏறத்தாழ 11.3 மில்லிமீட்டர். 400 மில்லிமீட்டர் குவியத்தூரத் தொலைநோக்கியில் வானத்தின் 1.6 டிகிரிதான் அடங்கும்; ஏறக்குறைய 3 டிகிரி நீளும் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தை முழுதாக எடுக்க விரும்புபவர் 200 மில்லிமீட்டர் லென்ஸை நாட வேண்டும், அல்லது துண்டு துண்டாக எடுத்து ஒட்ட வேண்டும்.