சாட்ஸ்வர்த் வீட்டை விற்கப் போன கதை: டர்பன் பயண அனுபவம்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் உள்ள எங்கள் அப்பாவின் வீடு விற்றாயிற்றாமே என்று சொந்தக்காரர்கள் வாட்ஸாப்பில் வாழ்த்து அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் விற்கவில்லை. விலை ஒப்பந்தத்தில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், அவ்வளவுதான். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள டீட்ஸ் ஆபீஸில் (சொத்துப் பதிவு அலுவலகம்) பெயர் மாறுகிற வரைக்கும் வீடு எங்களுடையதுதான். நான் கோயம்புத்தூர் திரும்பிவிட்டேன். மிச்சத்தை அக்கா பார்த்துக்கொள்கிறாள். வாங்குவதற்கு ஆள் தேடுவது எங்களுக்குப் பெரிய பாடாக இல்லை. இழுத்தடித்ததெல்லாம் வீட்டின் காகிதங்கள்தான். நம் ஆட்கள் பலருக்கு அங்கே இப்படி ஒரு பழைய வீடு இருப்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

சாட்ஸ்வர்த் வீடுகளுக்கென்று ஒரு வரலாறு உண்டு. இனவாரியாக மக்களைப் பிரித்துக் குடியமர்த்திய 1950ஆம் ஆண்டின் குரூப் ஏரியாஸ் சட்டத்தின் பேரில் கேட்டோ மேனர், மகசின் பாரக்ஸ் போன்ற இடங்களிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட இந்தியக் குடும்பங்களுக்காக 1960களில் கட்டிய ஊர் அது. எங்கள் தாத்தாவும் அப்படி வந்தவர்தான். பக்கத்து வீட்டோடு ஒரு சுவரைப் பங்குபோட்டுக்கொள்ளும் சின்ன வீடுகள். குடும்பம் பெருகப் பெருகப் பின்னால் ஒரு அறை, பக்கவாட்டில் தனியாக ஒரு அறை (அவுட்பில்டிங்), கார் நிறுத்த ஒரு கூரை என்று அவரவர் கைக்கு எட்டியபடி இழுத்துக் கட்டினார்கள். நகராட்சியில் பிளான் கொடுத்துக் கட்டியவர்களும் உண்டு, கொடுக்காமல் கட்டியவர்களும் உண்டு. எங்கள் அப்பா இரண்டையும் செய்திருந்தார்: சமையலறைக்குப் பிளான் இருந்தது, அவுட்பில்டிங்குக்கு இல்லை.

அதற்கு முன்னால் இறந்துபோன அப்பாவின் எஸ்டேட், அதாவது அவர் விட்டுச்சென்ற சொத்தின் விஷயம். வீட்டுக்காரர் இறந்துவிட்டால் பிள்ளைகள் நேரே போய் விற்றுவிட முடியாது. உயிலை நிறைவேற்றும் எக்ஸிக்யூட்டர் என்று ஒருவர் பெயரை உயிலில் எழுதியிருந்தாலும், இறந்தவர்களின் சொத்து விவகாரங்களைக் கவனிக்கும், உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகம் நியமனக் கடிதம் கொடுத்த பிறகுதான் அவருக்கு அதிகாரம். சொத்து மதிப்பு இரண்டரை லட்சம் ரேண்டுக்குள் (ரேண்ட் அந்த நாட்டுப் பணம்) இருந்தால் சுருக்கமான அதிகாரக் கடிதம் போதும். வீடு இருக்கும் எஸ்டேட்டில் அது அபூர்வம். கடன் கொடுத்தவர்கள் தங்கள் பாக்கியைத் தெரிவிக்க கெஜட்டிலும் உள்ளூர்ப் பத்திரிகையிலும் அறிவிப்புப் போட்டு 30 நாள் காத்திருக்க வேண்டும். எக்ஸிக்யூட்டர் விற்கிற வீட்டுக்கு வாரிசுகளின் சம்மதமும், கடைசியில் மாஸ்டரின் ஒப்புதல் முத்திரையும் தேவை. எக்ஸிக்யூட்டருக்கு மொத்தச் சொத்தில் மூன்றரை சதவீதம் கட்டணம் என்று அரசு விகிதம் இருக்கிறது. ஆனால் அது பேசிக் குறைக்கக்கூடிய தொகை. எங்கள் வீட்டில் அக்காவே எக்ஸிக்யூட்டர், வேலையைச் செய்தது வக்கீல். கட்டணத்தை முதல் நாளே பேசி எழுதி வாங்கிக்கொண்டோம்.

அம்மாவுக்கு ஒரு பயம் இருந்தது. கல்யாணம் கோயிலில் நடந்தது. அரசுப் பதிவு பல வருடம் கழித்துத்தான். பதிவே செய்யாமல் சடங்கோடு நிறுத்திக்கொண்ட இந்துக் கல்யாணங்களை அந்த நாட்டுச் சட்டம் நெடுங்காலம் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. உயில் இல்லாமல் கணவர் இறந்தால் மனைவிக்குப் பங்கு உண்டா என்பதே கேள்வியாக இருந்தது. 2008இல் டர்பன் உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட ஒரு மனைவிக்கும் வாரிசுரிமை உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. அம்மாவிடம் பதிவுச் சான்றிதழே இருந்ததால் வக்கீல் ஒரு நிமிடத்தில் பயத்தைப் போக்கினார். தனியாக ஒப்பந்தம் எதுவும் எழுதாமல் பதிவு செய்த கல்யாணம் என்றால் சொத்து இருவருக்கும் பொது. பாதி ஏற்கெனவே அம்மாவுடையது.

அப்புறம் ஏஜென்ட். முதலில் வந்தவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, பதினாறு லட்சத்துக்கு ஒரு ரேண்ட் குறையக் கூடாது" என்று அம்மாவைக் குளிரவைத்தார். கூடவே, மூன்று மாதம் வேறு யாரும் விற்கக் கூடாது என்று சோல் மேண்டேட் பத்திரத்தையும் நீட்டினார். அதே தெருவில் சமீபத்தில் என்ன விலைக்கு விற்றது என்று அக்கா கேட்டாள், பதில் இல்லை. ஏஜென்ட் தொழில் செய்யத் தேவையான ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழைக் காட்டுங்கள் என்றாள், அடுத்த முறை கொண்டுவருகிறேன் என்றார். 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி அந்தச் சான்றிதழ் இல்லாதவருக்குக் கமிஷன் வாங்க உரிமையே கிடையாது. அவரை அதோடு விட்டோம். இரண்டாவதாக வந்த பெண் டீட்ஸ் ஆபீஸில் பதிவான விற்பனை விலைகளை அச்செடுத்துக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். பதின்மூன்று லட்சம் என்றார். அம்மாவுக்கு முகம் சுருங்கியது, ஆனால் ஒப்பந்தம் அந்த விலைக்குத்தான் முடிந்தது. கமிஷனை விற்பவர்தான் கொடுப்பது வழக்கம். 15 சதவீத வாட் அதற்குமேல் தனி. இதையும் பேசிக் குறைக்கலாம், தயங்க வேண்டாம்.

நடுவில் ஒருநாள் தெருக்கோடி மாமா ஒருவர் வந்து, "பத்து லட்சம் கையில் தர்றேன், கை குலுக்கிக்குவோம், ஏஜென்ட் எதுக்கு?" என்றார். நிலம், வீடு விற்பனை எழுத்தில் இருந்து இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டிருந்தால்தான் செல்லும் என்று 1981ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கை குலுக்கலுக்கு மதிப்பில்லை. அதே சமயம், எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் நம் ஊர் அட்வான்ஸ் மாதிரி மனசு மாறிப் பின்வாங்க இடமில்லை. இரண்டரை லட்சம் ரேண்டுக்குள் வாங்குபவருக்கு மட்டும் ஐந்து நாள் யோசிக்கும் அவகாசம் உண்டு. வங்கிக் கடன் கிடைத்தால்தான் செல்லும் என்ற நிபந்தனையோடு கையெழுத்தாவது சகஜம். அந்தக் கெடுவுக்குள் கடன் கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் தானாக விழுந்துவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து போனவளுக்கு அதிசயமாக இருந்தது பதிவு முறைதான். சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் போட்டுக் காத்திருந்து விரல் ரேகை வைக்கும் கதையே இல்லை. கன்வேயன்சர் என்ற தனி வக்கீல்தான் எல்லாம். அவரைத் தேர்ந்தெடுப்பது வழக்கமாக விற்பவர், கட்டணம் கொடுப்பது வாங்குபவர். வாங்குபவர் கடன் எடுத்தால் அந்த வங்கிக்கு ஒரு வக்கீல், விற்பவருக்குப் பழைய கடன் இருந்தால் அதை ரத்துசெய்ய இன்னொரு வக்கீல். எல்லோருடைய காகிதமும் ஒரே நாளில் டீட்ஸ் ஆபீஸுக்குள் போக வேண்டும். பணம் பெயர் மாறும் வரை வக்கீலின் டிரஸ்ட் கணக்கில் இருக்கும். பெயர் மாறுவதற்கு முன்பே வாங்குபவர் குடியேறினால் அந்த நாட்களுக்கு வாடகை கொடுக்க வேண்டும்.

வாங்குபவர் கட்டும் டிரான்ஸ்ஃபர் டியூட்டி (பெயர் மாற்ற வரி) 2025 ஏப்ரலிலிருந்து 12 லட்சத்து 10 ஆயிரம் ரேண்ட் வரை கிடையாது. அதற்கு மேல் உள்ள தொகைக்கு முதல் அடுக்கில் 3 சதவீதம். பதின்மூன்று லட்சத்துக்கு 2,700 ரேண்டுதான் வருகிறது. நம் ஊர் முத்திரைத்தாள் செலவோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும்.

இனி அவுட்பில்டிங் கதை. அங்கே பழைய வீடுகளை ஃபூட்ஸ்டூட்ஸ் என்ற நிபந்தனையில், உள்ளது உள்ளபடியே விற்பார்கள். அதை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தெரிந்தே ஒரு குறையை மறைத்தவரை அந்த நிபந்தனை காப்பாற்றாது. அதோடு இப்போது ஏஜென்ட் மூலம் விற்பவர் கூரை ஒழுகலா, சுவர் விரிசலா, கட்டடத்துக்குப் பிளான் உண்டா என்று கேட்கும் படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும், அது ஒப்பந்தத்தோடு சேரும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு வாங்க வருகிறவர்கள் மலைச்சரிவில் உள்ள தடுப்புச் சுவரைத்தான் முதலில் போய்ப் பார்க்கிறார்கள். எங்கள் சுவர் அன்று கொஞ்சம் சாய்ந்து, பிறகு சரிசெய்யப்பட்டது. எழுத வேண்டாம் என்றார் அம்மா. எழுதினோம். வேலை செய்த பில்லையும் சேர்த்து வைத்தோம். வாங்குபவர் அதைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பற்றி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

பிளான்தான் நாளைத் தின்றது. வாங்குபவரின் வங்கி, அங்கீகரிக்கப்பட்ட பிளானும் கட்டடமும் ஒத்துப்போகின்றனவா என்று கேட்டது. நகராட்சியின் பழைய கோப்பிலிருந்து பிளான் நகல் வாங்கி, பதிவுபெற்ற வரைபடக்காரர் ஒருவரைக் கொண்டு உள்ள கட்டடத்தை அளந்து புதிதாக வரைந்து கொடுத்திருக்கிறோம். கழிவுநீர்க் குழாய் அறைக்கு அடியில் போகிறதா என்றுதான் அவர் முதலில் பார்த்தார். நல்லவேளை, ஒரு முழம் தள்ளிப் போகிறது. அடியில் போயிருந்தால் இடிக்கச் சொல்லவும் வாய்ப்பு இருந்தது என்றார். விற்பனைப் பலகை மாட்டும் முன்பே இந்த ஒரு வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.

மின்சாரச் சான்றிதழ் இன்னொரு கூத்து. பெயர் மாறும்போது அது இரண்டு வருடத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். இடையில் ஒயரிங்கில் கை வைத்திருந்தால் பழையது செல்லாது. ஒரு எலக்ட்ரீஷியன் போர்டை போட்டோ எடுத்து அனுப்பினால் போதும், சான்றிதழ் நாளைக்கே ரெடி என்றார். வேண்டாம் என்று சொல்லி வேறொருவரை அழைத்தோம். அவர் அவுட்பில்டிங்கில் எர்த் இணைப்பே இல்லை என்று காட்டினார். மின்வெட்டுக் காலத்தில் தெரிந்த பையன் மாட்டிக்கொடுத்த இன்வெர்ட்டரையும் முழுதாகக் கழற்றி மாற்ற வேண்டியிருந்தது. செலவு கூடுதல்தான், ஆனால் அம்மா அந்த அறையில்தான் துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

மரத்தை வண்டு அரிக்கவில்லை என்று சொல்லும் மர வண்டுச் சான்றிதழ் சட்டம் கேட்பதல்ல. கடலோர ஊர்களில் ஒப்பந்தத்தில் எழுதும் வழக்கம். கூரை மரத்தைப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள். நகராட்சிக்குப் பாக்கி இல்லை என்று சொல்லும் ரேட்ஸ் கிளியரன்ஸை வக்கீலே நகராட்சியில் விண்ணப்பிப்பார்; பாக்கியோடு வரும் மாதங்களுக்கும் முன்பணம் கட்ட வேண்டும், மிஞ்சியது பிறகு திரும்பும். சான்றிதழ் 60 நாள்தான் செல்லும், ஆகவே பிளான் வேலை முடியாமல் இதை வாங்குவதில் அர்த்தமில்லை.

வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது வரியைப் பற்றி. விற்பவர் அங்கே வரிக்குடியிருப்பு இல்லாதவராகவும் விலை 20 லட்சம் ரேண்டுக்கு மேலும் இருந்தால், தனிநபர் என்றால் 7.5 சதவீதத்தைப் பிடித்து வரித்துறைக்குக் கட்ட வேண்டியது வாங்குபவர் பொறுப்பு. அது முன்வரிதான், கணக்குத் தாக்கல் செய்யும்போது சரிக்கட்டிக்கொள்ளலாம். எங்கள் வீடு அந்த அளவுக்குப் போகவில்லை, தவிர விற்பதும் எஸ்டேட்.

நேரில் போய்த்தான் ஆக வேண்டுமா? கையெழுத்துக்காக என்றால் வேண்டாம், பவர் எழுதி, முறைப்படி சான்று வாங்கி அனுப்பலாம். ஆனால் அப்பாவின் அலமாரியில் பழைய பிளானும் ஒரிஜினல் டைட்டில் டீடும் (மூலப் பத்திரம்) எந்த உறையில் இருக்கின்றன என்று தேட ஆள் வேண்டும். டீட் தொலைந்திருந்தால் பத்திரிகையில் விளம்பரம் போட்டு, இரண்டு வாரம் ஆட்சேபணைக்குக் காத்திருந்து நகல் வாங்க வேண்டும். போவதானால் டிசம்பர் நடுவில் போகாதீர்கள். 16ஆம் தேதி விடுமுறையோடு ஊரே கடற்கரைக்குக் கிளம்பிவிடும். ஜனவரி இரண்டாம் வாரம் வரை வக்கீல் ஆபீஸில் போன் எடுக்க ஆளில்லை, எலக்ட்ரீஷியன் கிடைப்பது குதிரைக்கொம்பு.