பாதாளச் சாக்கடையா, கசடு சுத்திகரிப்பு நிலையமா?

மார்த்தாண்டம், குழித்துறை போலக் கேரள எல்லையோரம் வளர்ந்துவரும் ஊர்களில், பாதாளச் சாக்கடைக்குக் காத்திருப்பதா, வீட்டுக் கழிப்பறைத் தொட்டிகளின் (செப்டிக் டேங்க்) கசடை லாரியில் எடுத்துச் சென்று சுத்திகரிப்பதா என்று பலர் தயங்குகின்றனர்.

செலவு: குழாய் பதிக்கச் சாலைகளைத் தோண்ட வேண்டும், மேடும் பள்ளமுமான இந்நிலத்தில் நீரேற்று நிலையங்களும் அவற்றின் மின்கட்டணமும் கூடும். கசடு நிலையத்துக்குச் சிறிதளவு இடமும் சில லாரிகளும் போதும்.

தண்ணீர்: பாதாளச் சாக்கடை உள்ள நகருக்கு நபருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று திட்டமிடுகின்றனர். தொட்டி குறைந்த நீரிலும் இயங்கும்.

கிணறு: என்னை மிகவும் கவலைப்படுத்துவது இதுவே. ஒரே வளாகத்தில் கிணறும் கழிவுக்குழியும் அருகருகே இருக்கும் வீடுகளில், அடித்தளம் பூசப்படாத குழியிலிருந்து கிருமிகள் குடிநீரில் கலக்கக்கூடும். நீர் கசியாத தொட்டி கட்டி, 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடை அகற்றினாலும், தொட்டியிலிருந்து வழியும் நீர் உறிஞ்சுகுழி வழியே மண்ணுக்குள்தான் இறங்குகிறது. குழாயோ அதை ஊருக்கு வெளியே கொண்டுசென்றுவிடும்.

பராமரிப்பு: சாக்கடையிலும் தொட்டியிலும் பாதுகாப்புக் கருவிகளின்றி மனிதரை இறக்கிச் சுத்தம் செய்வதை, மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதற்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது, ஆகவே இயந்திரங்களுக்கான செலவைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.

வீடுகள் நெருங்கிய கடைவீதிக்குக் குழாயே ஏற்றது. தோப்புகளுக்கிடையே சிதறிய வீடுகளுக்கு, கிணற்றிலிருந்து விலக்கிக் கட்டிய தொட்டியும் கசடு நிலையமும் பொருந்தும்.