பிகானேர் – ஜெய்சால்மர் ரூட்டில் வாடகை சைக்கிள் எடுப்பவர்கள் கவனத்துக்கு

பிகானேரில் கிளம்பி பலோதி, ராம்தேவ்ரா, பொக்ரான் வழியாக ஜெய்சால்மர் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். எங்களுக்கு சைக்கிள் கொடுத்த கடையின் பெயர் வேண்டாம். "பாலைவனத்துக்கென்றே ரெடி பண்ணின சைக்கிள்" என்று சொல்லி முழு வாடகையையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். பஞ்சர் தாங்கும் டயர், டியூபில் சீலன்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்), புது செயின் என்பது பேச்சு. கிடைத்தது சாதா டயர், பழைய ஒட்டுப் போட்ட டியூப், தேய்ந்த செயின். பாப் ஊர் வருவதற்குள் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

காரணம் நெருஞ்சி. லாரிக்கு வழிவிட்டு மண்ணில் இறங்கினால் போதும். காய்ந்த நெருஞ்சிக்காய் துண்டுதுண்டாக உடைந்து கிடக்கும். எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்து நிற்கும். முள் முனை டயருக்குள்ளேயே ஒடிந்து தங்கிவிடுவதால், டியூபை மட்டும் ஒட்டி மாட்டினால் அடுத்த கிலோமீட்டரிலேயே மறுபடி காற்று இறங்கும். டயரின் உள்பக்கத்தைத் துணியால் சுற்றித் தடவுங்கள். துணி சிக்கும் இடத்தில் முள் இருக்கும்.

சீலன்ட் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். வால்வு கீழே வரும்படி சக்கரத்தை ஐந்து நிமிடம் நிறுத்தி, கொஞ்சம் காற்றை விடுங்கள். சீலன்ட் இருந்தால் துளியாகத் தெறிக்கும். வெறும் காற்று வந்தால் ஊற்றவே இல்லை, அல்லது எப்போதோ ஊற்றிக் காய்ந்துவிட்டது. வால்வின் உள்கூடு கழலாத வகை என்றால் அதன் வழியாக சீலன்ட் ஊற்ற முடியாது; "நானே ஊற்றினேன்" என்று கடைக்காரர் சொல்வது சுத்தப் பொய்.

வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். சின்ன ஊர்க் கடைகளில் இருப்பது பால்காரர் சைக்கிளுக்கான 28 இன்ச் டயர். அதன் ரிம் அளவு 635 மி.மீ. இந்த வாடகை சைக்கிள்களில் வரும் 700சி வகை ரிம் 622 மி.மீ. இரண்டிலும் 28 என்றே எழுதியிருந்தாலும் ஒன்று மற்றதில் நிற்காது. மெல்லிய பிரெஸ்டா வால்வுக்குத் துளைத்த ரிம்மில் ஊர் டியூபின் தடித்த வால்வு நுழையவும் நுழையாது. பிரெஸ்டா வால்வில் மாட்டும் பித்தளை அடாப்டர் ஒன்று கையில் இருந்தால்தான் லாரி பஞ்சர் கடையில் காற்றாவது பிடிக்க முடியும். கடை கொடுத்த பஞ்சர் பெட்டியையும் திறந்து பாருங்கள்: எங்களுக்குக் கொடுத்ததில் சொல்யூஷன் காய்ந்து கல்லாகிக் கிடந்தது. பிரிக்காத சொல்யூஷன் இரண்டு கொண்டுபோங்கள். தானே ஒட்டும் ஸ்டிக்கர் பேட்ச் அந்த வெயிலில் கிளம்பி வந்துவிடும்.

செயின் தேய்மானம் பார்க்க ஸ்கேல் போதும். செயின் கண்ணிகளை இணைக்கும் ஒரு பின்னின் நடுவில் பூஜ்ஜியத்தை வைத்தால், 12 இன்ச்சில் இன்னொரு பின்னின் நடு வர வேண்டும். 1/16 இன்ச் தள்ளியிருந்தால் செயினை மாற்றச் சொல்லுங்கள். 1/8 என்றால் பின்சக்கரத்துப் பல்சக்கரமும் போயிற்று. புதுச் செயின் மட்டும் போட்டால் மேட்டில் வழுக்கும். கெட்டி எண்ணெய் பூசிப் பளபளவென்று கொடுத்தால் துடைத்துவிட்டு மெழுகு வகை மசகு (லூப்) போடுங்கள். எண்ணெயும் மணலும் சேர்ந்தால் அரம் மாதிரி அராவிவிடும்.

திருப்பிக் கொடுக்கும்போது "டயர் சேதம்" என்று டெபாசிட்டில் கை வைத்தார்கள். ஆகவே எடுக்கும்போதே ஃபிரேம் எண், இரண்டு டயர், செயின், ரிம் எல்லாம் கடைக்காரர் முன்னால் வீடியோ எடுங்கள். டயர் பிராண்டும் அளவும் போட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். பாதி வாடகைக்கு மேல் முன்பணம் வேண்டாம். பில் கண்டிப்பாக வாங்குங்கள். அது இருந்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிய வசதி.