மசாலாவா, மீனா, குழம்பா: ஃப்ரீசரில் எதை வைப்பது?

மீன் குழம்பில் மீன் வேக ஆகும் நேரம் பத்து நிமிடம். மீதி நேரத்தையெல்லாம் தின்பது வெங்காயம் உரிப்பதும், மசாலா வதக்கி அரைப்பதும், புளி கரைப்பதும், மீன் ஆய்வதும்தான். ராமநாதபுரம் கடற்கரை வீடுகளில் இந்த வேலையைக் குறைக்க மூன்று வழிகள் உண்டு. குழம்பையே மொத்தமாக வைத்து உறைய வைப்பது ஒன்று. மீனை ஆய்ந்து உறைய வைப்பது இன்னொன்று. மசாலாவை மட்டும் ஃப்ரீசரில் வைத்துவிட்டு மீனை அன்றன்று வாங்குவது மூன்றாவது. நான் மூன்றாவது கட்சி.

முழுக் குழம்பு பார்க்கச் சுலபம். எடுத்துச் சுடவைத்தால் போதும். ஆனால் ஒருமுறை வெந்த மீன் உறைந்து, திரும்பவும் கொதித்தால் சதை உதிர்ந்துவிடும். காரல் மாதிரிச் சின்ன மீன் என்றால் முள்ளும் குழம்பும் கலந்துபோய், பிள்ளைகளுக்குப் போடவே பயமாக இருக்கும். கத்தரிக்காய் சேர்த்திருந்தால் நீர் விட்டுக் குழைந்துவிடும். கீழக்கரை வீடுகளில் வைக்கும் தேங்காய்ப்பால் ஆணத்தை (குழம்பை) உறைய வைத்தால் பால் திரிந்த மாதிரிப் பிரிந்து நிற்கும். கெட்டுப்போகவில்லைதான், ஆனால் விருந்தாளிக்கு ஊற்ற மனசு வராது. இந்த வழியில் நான் ஏற்றுக்கொள்வது நீர் வற்ற வதக்கிய கணவாய்த் தொக்கு ஒன்றைத்தான்.

அடுத்து பச்சை மீன். ராமேசுவரம், மண்டபம் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகின்றன. மற்ற நாட்களில் நாட்டுப்படகு மீன் வரும். ஆக, பெரும்பாலும் ஏதாவது ஒரு மீன் கிடைத்துவிடுகிறது. ஆய்வதற்கும் சந்தையிலேயே ஆள் இருக்கிறார்கள், கொஞ்சம் காசு கொடுத்தால் செதில் எடுத்து, வெட்டித் தந்துவிடுவார்கள். அப்படியிருக்க, மீனை உறைய வைத்து நாம் மிச்சம் பிடிக்கும் நேரம் ரொம்பக் குறைவு.

இந்த வழி உண்மையிலேயே கைகொடுப்பது மீன்பிடித் தடைக்காலத்தில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கும், மீன் விலை ஏறும். அதற்கு முன்பே பாறை, விளமீன் போன்ற பெரிய மீன்களைத் துண்டு போட்டு வாங்கி வைக்கலாம். நன்றாக வடியவிட்டு, ஒரு வேளைக்கு ஒரு கவர் என்று காற்று இல்லாமல் கட்ட வேண்டும். உப்பு தடவி வைக்காதீர்கள், உறைந்த மீனில் உப்பு கொழுப்பைச் சீக்கிரம் கெடுக்கும். இறாலை டப்பாவில் போட்டு, மூழ்கத் தண்ணீர் ஊற்றி உறைய வைத்தால் காய்ந்துபோகாது. ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் நின்றால் பெரிய மீன் இரண்டு மூன்று மாதம் தாங்கும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் உள்பெட்டி அவ்வளவு குளிராது என்பதால் அதில் சில வாரங்களுக்கு மேல் வைக்க வேண்டாம்.

சூடை, கானாங்கெளுத்தி இரண்டையும் வாங்கிய அன்றே சமைத்துவிடுவது நல்லது. அவற்றின் எண்ணெய் ஃப்ரீசரிலும் மெல்ல மெல்லக் காறிப்போகும். அதைவிட முக்கியமான விஷயம், ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த இந்த மீன்களில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். சாப்பிட்டவர்களுக்கு முகம் சிவந்து, உடம்பு அரிக்கும். உறைய வைத்தாலும் கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாயங்காலம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி ஃப்ரீசரில் போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

இனி மசாலா. ஒரு கிலோ சின்ன வெங்காயத்தை ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோருமாக உட்கார்ந்து உரித்துவிடுங்கள். அதை நல்லெண்ணெயில் பூண்டோடு வதக்கி, அதில் தக்காளியைப் போட்டுக் குழைய விடுங்கள். நம் ஊர் முண்டு மிளகாய்க்கு (2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது) தோல் தடிமன். வெந்நீரில் ஊறவைத்து, வறுத்த மல்லி, சீரகம், மிளகோடு அரைத்தால்தான் மசியும். அரைத்த விழுதையும் வதக்கலில் சேர்த்து, எண்ணெய் ஓரம் கட்டும் வரை கிளற வேண்டும். தண்ணீர் குறையக் குறைய கவரில் இடமும் மிச்சம், சுவையும் அடர்த்தி. ஆறியதும் ஜிப் கவரில் போட்டு, சப்பாத்தி மாதிரித் தட்டையாக அழுத்தி, தேதி எழுதிப் படுக்கவையுங்கள். தட்டையாக இருப்பதால் வேண்டிய அளவை ஒடித்து நேராகச் சட்டியில் போடலாம். கெட்டியாகக் கரைத்த புளியை ஐஸ் டிரேயில் உறைய வைத்தால் அதுவும் தயார். தேங்காயைத் துருவித் தனியாக வையுங்கள், அன்றன்று அரைத்து ஊற்றும்போதுதான் மணம்.

காலையில் மசாலாவும் புளிக்கட்டியும் சட்டியில் கொதிக்கும்போதே மீனைக் கழுவிவிடலாம். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் குழம்பு இறங்கிவிடும். மீன் வராத நாளில் அதே மசாலாவில் முட்டையை உடைத்து ஊற்றலாம், ஊறவைத்துக் கழுவிய கருவாட்டைப் போடலாம். மற்ற இரண்டு வழிகளில் இந்த வசதி கிடையாது.

கரண்ட் விஷயத்தையும் பார்த்துவிடலாம். கதவைத் திறக்காமல் இருந்தால் நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம் குளிரைக் காக்கும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்கெல்லாம் பயப்பட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் உள்ளே இருக்கும் மீனை முதலில் சமைத்துத் தீர்த்துவிடுங்கள். மசாலா இளக ஆரம்பித்தாலும், குளிர் இருக்கும்போதே எடுத்து நன்றாகக் கொதிக்கவிட்டு அன்றைய குழம்புக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.