இரண்டு வருட வெப் டிசைன் படிப்பும் அத்தையின் தையல் கடை இணையப் பக்கமும்

2023 ஜூனில், பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு தொடங்கும்போது, வெப் டிசைன் கற்க உட்கார்ந்தேன். இப்போது எம்.எஸ்சி. முதலாண்டு. இத்தனை நாளும் காசு கொடுத்து ஒரு மென்பொருளும் வாங்கவில்லை. 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப், பக்கத்தின் வடிவத்தை வரைய ஃபிக்மாவின் இலவசக் கணக்கு, நிரல் எழுத விஎஸ் கோட், பார்க்க ஃபயர்ஃபாக்ஸ் உலாவி, சந்தேகம் வந்தால் வெப் நுட்பங்களை விளக்கும் எம்டிஎன் தளம். இவ்வளவுதான். இதே வழியில் தொடங்க நினைப்பவர்களுக்காக என் அனுபவத்தை எழுதுகிறேன்.

நான் தொடங்கிய சமயத்தில் எல்லோரும் பேசிய செய்தி, அடோபி நிறுவனம் ஃபிக்மாவைச் சுமார் 2,000 கோடி டாலருக்கு வாங்கப் போகிறது என்பது. கற்றுக்கொண்டிருக்கும் கருவி கைவிட்டுப் போய்விடுமோ என்ற கவலை எனக்கும் இருந்தது. ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் போட்டி ஆணையங்கள் ஒப்புக்கொள்ளாத நிலையில், 2023 டிசம்பரில் அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அந்தப் பயத்தில்தான் பென்பாட் என்ற திறமூல (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) வரைகருவியையும் பழகினேன். படம் வரைவதில் பாதி நேரத்தைக் குறைத்துக்கொண்டு, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ். மொழியைக் கையால் எழுத ஆரம்பித்ததும் அப்போதுதான். இந்த இரண்டு வருடத்தில் நான் எடுத்த நல்ல முடிவு அதுதான் என்பேன். கருவி மாறினாலும், பக்கத்தில் பெட்டிகளை அடுக்கும் சி.எஸ்.எஸ். முறைகளான ஃபிளெக்ஸ்பாக்ஸும் கிரிடும் மாறவில்லை.

படிப்பு நிஜமாக ஏறியது அத்தையின் தையல் கடைக்கு இணையப் பக்கம் செய்தபோதுதான். ஜாக்கெட், சுடிதார், ஆரி வேலை ஆகியவற்றின் விலை, ஆர்டர் கொடுக்க ஒரு படிவம், முடிந்த துணிக்கு டோக்கன் அட்டை. முழுக்கத் தமிழில் வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டார்.

அதுவரை ஆங்கிலத்தை வைத்தே பழகிய கை எனக்கு. 'சப்மிட்' என்று எழுதி அளவெடுத்த பட்டனில் 'சமர்ப்பிக்கவும்' என்று போட்டால் சொல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அப்புறம் 'அனுப்பு' என்று மாற்றினேன், அகலத்தைப் பிக்சலில் கட்டிப்போடுவதையும் விட்டேன். தலைப்புகளில் எழுத்துகளை நெருக்கி வைக்கும் பழக்கம் ஆங்கிலத்துக்கு அழகு. தமிழில் அதே அளவு வைத்தால் எழுத்துகள் ஒன்றோடொன்று உரசுகின்றன. வரி உயரத்தை எழுத்தளவைப் போல 1.2 மடங்கு வைத்தால், மேல் வரியின் 'மூ'வின் சுழியும் கீழ் வரியின் புள்ளியும் மோதுவதுபோல் தெரிகிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவுக்கு 1.7 வைத்த பிறகுதான் அத்தை கண்ணாடி இல்லாமலே விலைப்பட்டியலைப் படித்தார்.

இதைவிட என்னை ஆட்டிவைத்தது டோக்கன் அட்டை. பெயர் நீளமாக இருந்தால் 12 எழுத்தோடு வெட்டும்படி, பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஒரு வரி எழுதியிருந்தேன். சோதனைக்கு 'முத்துலட்சுமி' என்று தட்டினேன். அட்டையில் 'முத்துலட்சும' என்று வந்தது. நம் கண்ணுக்கு அது ஏழு எழுத்து. கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோட் முறையில் ம, த போன்ற அடி எழுத்தும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் கணினிக்கு அது 13. பன்னிரண்டோடு வெட்டியதும் கடைசி இகரம் போய்விட்டது. ஒருவருடைய பெயரை இப்படிச் சிதைத்து அவர் கையில் கொடுக்கக் கூடாது என்று அன்று மனசுக்குப் பட்டது.

இதற்குத் தீர்வு, உச்சரிக்கும் எழுத்தாகவே பிரித்து எண்ணித்தரும் இன்டல் செக்மென்ட்டர் (Intl.Segmenter) என்ற ஜாவாஸ்கிரிப்ட் வசதி. குரோமிலும் சஃபாரியிலும் முன்பே இருந்தது. 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸ் 125 பதிப்பிலும் சேர்ந்ததால் எல்லா முக்கிய உலாவிகளிலும் வேலை செய்கிறது. செய்தித்தாளில் இதையெல்லாம் போட மாட்டார்கள். எனக்கு மட்டும் 2,000 கோடி டாலர் செய்தியைவிட இதுதான் பெரிய செய்தி. (க்ஷ மட்டும் இதிலும் இரண்டாகத்தான் எண்ணப்படும், பார்த்துக்கொள்ளுங்கள்.)

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் முழுப் பக்கத்தையும் நிமிடத்தில் எழுதித் தந்துவிடுகிறதே, இதையெல்லாம் ஏன் படிக்க வேண்டும் என்று வகுப்பில் நண்பர்கள் கேட்கிறார்கள். நானும் பயன்படுத்துகிறேன், நேரம் மிச்சமாகிறது. ஆனால் நான் கேட்டபோது வந்த பக்கத்திலும் அதே நெருக்கிய தலைப்பு, அதே குறுகிய வரி இடைவெளி, வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்து. எது தப்பு என்று எனக்குத் தெரிந்ததால்தான் திருத்த முடிந்தது.

வெளிர் சாம்பல் தப்பு என்று எனக்குப் புரியவைத்தது முன்பு படித்த இன்னொரு செய்தி. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் வசதிகளை அணுகுவதும் அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. கேமரா முன் கண் சிமிட்டச் சொல்லும் அடையாளச் சரிபார்ப்பை முடிக்க இயலாத, ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வைக் குறைபாடு உள்ளவரும் தொடுத்த வழக்குகள் அவை. படித்த அன்றே அத்தையின் பக்கத்தைத் திறந்து நிறங்களைச் சோதித்தேன். இணைய அணுகல் வழிகாட்டுதலான WCAG-யின்படி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடு வேண்டும். என் சாம்பல் எழுத்து 3-ஐக்கூடத் தொடவில்லை. மாற்றிவிட்டேன்.

கடைக்கு வரும் பாட்டி ஒருவர் போனில் எழுத்தை மிகப் பெரிதாக்கி வைத்திருக்கிறார். போன வாரம் அவர் போனில் பார்த்தபோது விலைப்பட்டியல் ஒழுங்காக வந்தது. அளவு எழுதும் கட்டங்கள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. இந்த ஞாயிற்றுக்கிழமை அதைச் சரிசெய்ய உட்காருகிறேன்.